பிசிஓஎஸ்: எந்த மாத்திரை, எந்த வயதில், எதற்காக?

சென்ற மாதம் ஓர் இரவு அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்கு வயது 16. "சித்தி, ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்திருக்கு. ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்காங்க. இன்னொருத்தர் மெட்ஃபார்மின் போடச் சொல்றாங்க. அம்மா எதுவும் வேண்டாம், தானா சரியாயிடும்ங்கிறாங்க. இதுல யார் சொல்றது சரி?"

எனக்கு 19 வயதில் பிசிஓஎஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் கோளாறு) என்று சொன்னார்கள். இப்போது 38. அவள் சொன்ன மூன்றையும் இந்த 19 வருடங்களில் நான் செய்து பார்த்திருக்கிறேன். சும்மா இருந்தேன், அதனால் அடிபட்டேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டேன், நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை இன்றைக்கும் சாப்பிடுகிறேன். அதனால் அவளிடம் சட்டென்று ஒரு பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உனக்கு இப்ப எது தொந்தரவா இருக்கு?" என்று கேட்டேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட அதைக் கேட்கல சித்தி" என்றாள்.

என்னிடமும் அந்த வயதில் யாரும் கேட்கவில்லை. பிசிஓஎஸ்ஸுக்கு எது நல்ல மருந்து என்று கேட்டால் பதில் கிடைக்காது. மாதவிடாய் வரவேண்டும் என்பது ஒரு தேவை. முகத்தில் முடி வளர்வது நிற்கவேண்டும் என்பது வேறு. சர்க்கரை நோய் வராமல் பார்த்துக்கொள்வது மூன்றாவது. குழந்தை வேண்டும் என்பது இவை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிடும் நான்காவது. ஒன்றுக்குச் சிறந்த மருந்து இன்னொன்றுக்கு நேர் எதிராகவே வேலை செய்யலாம். இந்தத் தேவைகளைத் தனித்தனியாக வைத்துத்தான் கீழே ஒப்பிட்டிருக்கிறேன்.

முதலில், இது அதுதானா?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். நீர்க்கட்டி என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்தித் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் கிடையாது. மாதாமாதம் ஒரு கருமுட்டையை முதிர வைத்து வெளியே அனுப்பவேண்டிய சிறுசிறு முட்டைப் பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய்ச் சினைப்பையின் ஓரமாக வரிசை கட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். அவற்றை அறுத்து எடுக்கவும் தேவையில்லை, கரைக்கவும் தேவையில்லை. 1935-இல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் சினைப்பைகள் பருத்திருந்த 7 பெண்களைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த நிலை சினைப்பையின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் இது உடல் முழுவதையும் தொடுகிற ஹார்மோன் கோளாறு. ஆண்களிடம் அதிகமாகவும் பெண்களிடம் கொஞ்சமாகவும் இருக்கும் ஆண்ட்ரோஜன் இதில் கூடிவிடுகிறது. பல பெண்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையை இன்னும் அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. அதனால் முட்டை முதிர்வது தடைப்படுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது.

2003-இல் ராட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல்தான் பெரிய மாற்றமில்லாமல் இன்றும் நடைமுறையில் உள்ளது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி (ரத்தப் பரிசோதனையிலோ, முகத்தில் முடி போன்ற அறிகுறியாகவோ), ஸ்கேனில் அந்த முட்டைப் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருக்கவேண்டும். தைராய்டு கோளாறு, பால் சுரக்கச் செய்யும் புரொலாக்டின் ஹார்மோனின் மிகுதி, அட்ரீனல் சுரப்பியின் ஒரு பரம்பரைக் கோளாறு ஆகியவை இல்லை என்று பார்த்திருக்கவும் வேண்டும். இவையும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதுதான் காரணம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக ஏஎம்எச் (முட்டைப் பைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன்) என்ற ரத்தப் பரிசோதனையையும் ஏற்றுக்கொள்கின்றன.

வளரிளம் பெண்களுக்குக் கணக்கு வேறு. வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனையோ ஏஎம்எச் அளவையோ வைத்து இந்த நோயைத் தீர்மானிக்கக்கூடாது என்று அதே நெறிகள் சொல்கின்றன. அந்த வயதில் ஆரோக்கியமான பெண்களின் சினைப்பையிலும் நிறைய முட்டைப் பைகள் தெரியும். மாதவிடாய் ஒழுங்கின்மையும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இரண்டும் இருந்தால்தான் அவர்களுக்கு அந்தப் பெயர். ஒன்று மட்டும் இருந்தால், "வர வாய்ப்புள்ளவர்" என்று குறித்து வைத்துப் பிறகு மறுபடி பார்ப்பார்கள். அக்கா மகள் வயதுக்கு வந்து 4 ஆண்டுகள்தான் ஆகிறது. அவளைப் பயமுறுத்திய அந்த ஸ்கேனை எடுத்தே இருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆண்ட்ரோஜன் அளவைப் பார்த்தால் அது இயல்பாகவே தெரியக்கூடும். சரியாகப் பார்க்கவேண்டுமானால் குறைந்தது 3 மாதம் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். எனவே சந்தேகம் இருந்தால் மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. பின்னால் ஒரு டாக்டர் "உங்களுக்கு உண்மையிலேயே பிசிஓஎஸ்தானா?" என்று கேட்டபோது என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை. மாத்திரையை நிறுத்தி, முகமெல்லாம் பருவாகி, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

சும்மா இருப்பது

அக்கா சொன்ன "எதுவும் வேண்டாம்" என்பதும் ஒரு தேர்வுதான். அதை ஏளனமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. மாதவிடாய் 40, 50 நாளுக்கு ஒருமுறை தானாக வந்துகொண்டிருந்தால், முடி, பரு பெரிய தொந்தரவாக இல்லாவிட்டால், சர்க்கரை இயல்பாக இருந்தால், மருந்தில்லாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கலாம். நடுவயதை நெருங்கும்போது பலருக்கும் சுழற்சி ஓரளவு ஒழுங்குக்கு வருவதும் உண்டு.

ஆனால் சும்மா இருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை 90 நாள். முட்டை வெளிவராத மாதங்களில், கருப்பைச் சவ்வைக் கட்டுக்குள் வைக்கும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்துகொண்டே இருக்கும். கழுவி வெளியேற்ற ஆளில்லாமல் அந்தச் சவ்வு அடுக்கடுக்காகத் தடித்துப்போகும். நீண்ட காலம் அப்படியே விட்டால் சிலருக்கு அது புற்றுநோயாக மாறக்கூடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம். அந்த வாய்ப்பு மொத்தத்தில் சிறியதுதான். ஆனால் இது தடுக்கக்கூடிய ஒன்று.

24 வயதில் எனக்கு 8 மாதம் மாதவிடாய் வரவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன், அந்தத் தொல்லை இல்லாதது வசதியாகவே இருந்தது. ஒன்பதாவது மாதம் வந்த ரத்தப்போக்கு 23 நாள் நிற்கவில்லை. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியது. சவ்வைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் நான் பட்ட பாட்டை இன்றும் நினைக்கப் பிடிக்கவில்லை. தடித்திருந்தது, ஆனால் செல்கள் மாறவில்லை. 6 மாதம் புரொஜெஸ்ட்ரோன் சாப்பிட்டுச் சரியானது. மாதவிடாய் வராமல் இருப்பது நிம்மதி என்று நினைக்கும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாய்க்காக: மூன்று வழிகள்

இந்த ஒரு தேவைக்கு மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் (செயற்கைப் புரொஜெஸ்ட்ரோன்) சேர்ந்த கருத்தடை மாத்திரை; ஹார்மோன் மாத்திரை என்று நான் சொல்வது இதைத்தான். இரண்டாவது, சில மாதங்களுக்கு ஒருமுறை 10 முதல் 14 நாள் புரொஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை மட்டும் சாப்பிட்டு நிறுத்துவது. நிறுத்திய சில நாளில் ரத்தப்போக்கு வரும். மூன்றாவது, கருப்பைக்குள் பொருத்தும் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் ஹார்மோன் சாதனம்.

சவ்வைக் காப்பதில் மூன்றும் தேறும். வேறுபாடு மற்ற விஷயங்களில்தான். கருத்தடை மாத்திரை சினைப்பையைத் தூங்கவைப்பதோடு, ரத்தத்தில் சுற்றும் ஆண்ட்ரோஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் அதிகமாகச் சுரக்கும்படி செய்கிறது. அதனால் முடியும் பருவும் குறையும், கருத்தடையும் ஆகிறது. ஒரே மாத்திரையில் மூன்று வேலை. வழிகாட்டு நெறிகள் ஒழுங்கற்ற மாதவிடாய்க்கும் மிகை முடி வளர்ச்சிக்கும் இதை முதலில் வைப்பது இதனால்தான்.

ஆனால் இது எல்லோருக்கும் ஆகாது. காலில் அல்லது நுரையீரலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்த பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், 35 வயதைக் கடந்து புகைப்பவர்கள் இதைத் தவிர்க்கவேண்டும். மாத்திரை எழுதும் முன் ரத்த அழுத்தம் பார்க்காத டாக்டரிடம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

ரத்தம் உறையும் அபாயத்தைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசப்படுவதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாக இல்லாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 2 பேருக்கு ரத்தம் உறையலாம். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் என்ற புரொஜெஸ்டின் வகை சேர்ந்த மாத்திரையில் அது 5 முதல் 7 பேர். டிராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல் சேர்ந்தவற்றில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்தில் இந்த அபாயம் இவை எல்லாவற்றையும்விட அதிகம். பிசிஓஎஸ்ஸுக்கென்றே விசேஷமான மாத்திரை என்று சொல்லிச் சிலவற்றை எழுதிக் கொடுப்பார்கள். ஒன்றைவிட இன்னொன்று முடியைக் குறைப்பதில் தெளிவாக மேலானது என்று நிறுவப்படவில்லை. 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜனோடு சைப்ரோடெரோன் சேர்ந்த மாத்திரையை முதலில் எடுக்க வேண்டாம், மற்றவை போதவில்லை என்றால் பார்க்கலாம் என்பதே நெறிகளின் நிலை. என் கணிப்பும் அதுதான்: குறைந்த ஈஸ்ட்ரோஜன் உள்ள பழைய, எளிய மாத்திரையில் தொடங்குவது போதும்.

"மாத்திரை சாப்பிட்டால் பின்னால் குழந்தை பிறக்காது" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது உண்மையில்லை. மாத்திரையை நிறுத்தினால் உங்கள் சுழற்சி முன்பு எப்படி இருந்ததோ அப்படித் திரும்பும். முன்பே ஒழுங்கற்றிருந்தது மறுபடி ஒழுங்கற்றுப் போவதைப் பார்த்து மாத்திரைமேல் பழி போடுகிறோம். மாத்திரை நோயைக் குணப்படுத்துவதில்லை, சாப்பிடும் காலத்துக்கு மட்டும் கட்டுக்குள் வைக்கிறது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் 22 வயதில் "இன்னும் ஏன் சரியாகவில்லை" என்று அழுதிருக்க மாட்டேன்.

இடைவிட்டுச் சாப்பிடும் புரொஜெஸ்ட்ரோனின் பெரிய லாபம், தினமும் ஒரு மருந்து என்ற சுமை இல்லை என்பது. ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களில் பலருக்கும் பொருந்தும். குறை: முடிக்கும் பருவுக்கும் எதுவும் செய்யாது, கருத்தடையும் ஆகாது. தானாக வரும் மாதவிடாயை எதிர்பார்த்திருந்து, வராதபோது மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் என்னைப் போல மாத்திரை என்றாலே மனம் சுளிக்கிறவர்களுக்கு இது ஏற்றது. 30-களின் நடுவிலிருந்து நான் இதில்தான் இருக்கிறேன். ஹார்மோன் சாதனம், பல ஆண்டுகளுக்குக் குழந்தை வேண்டாம், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம் என்பவர்களுக்கு. அதில் மாதவிடாய் குறைந்தோ நின்றோ போகலாம். அங்கே சவ்வு மெல்லியதாகவே இருப்பதால் அந்த நிற்றலில் ஆபத்தில்லை.

முடிக்கும் பருவுக்கும்

தாடையில் முளைக்கும் முடியைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. கல்லூரி நாட்களில் நான் வகுப்பில் ஜன்னல் ஓரம் உட்காரமாட்டேன், வெளிச்சம் முகத்தில் பட்டுவிடும் என்று. இது வெறும் அழகுப் பிரச்சினை என்று சொல்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கருத்தடை மாத்திரைக்குக் குறைந்தது 6 மாதம் அவகாசம் கொடுக்கவேண்டும். முடி தன் வளர்ச்சிச் சுற்றை முடித்து உதிர்ந்த பிறகுதான் அடுத்த முடி மெல்லியதாக வரும். இரண்டு மாதத்தில் பலனில்லை என்று நிறுத்துவது வீண். 6 மாதத்துக்குப் பிறகும் போதவில்லை என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்தைச் சேர்க்கலாம். ஆனால் அதைச் சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது. வயிற்றில் ஆண் சிசு இருந்தால் அதன் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். நம்பகமான கருத்தடை இல்லாமல் அதைக் கையில் எடுக்காதீர்கள்.

லேசர், உள்ளே எதையும் மாற்றாமல் வெளியே உள்ள முடியைக் குறைக்கிறது. கருமையான, தடித்த முடிக்கு நன்றாக வேலை செய்யும். நரைத்த அல்லது மெல்லிய பூனை முடிக்குச் செய்யாது. மாநிறமோ கருமையோ ஆன தோலுக்கு எல்லா லேசரும் ஒன்றல்ல. 1064 நானோமீட்டர் எண்டியாக் வகை, தோலின் நிறமியைக் கடந்து வேர்வரை செல்வதால் சுட்டுக் கறுக்கும் ஆபத்து குறைவு. எந்த வகை என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அமர்வுகள் அதிகம் தேவைப்படும், உள்ளே ஆண்ட்ரோஜன் புதிய முடியைத் தூண்டிக்கொண்டே இருப்பதால். மாத்திரையும் லேசரும் சேர்ந்தபோதுதான் எனக்குக் கண்ணாடி பார்க்கும் பயம் போனது. ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால், முகத்து முடிதான் வாழ்க்கையின் பெரிய பாரம் என்பவருக்கு நான் லேசரை முதலில் சொல்வேன்.

மெட்ஃபார்மினா, இனோசிட்டாலா?

மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்கான பழைய மருந்து. கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையைக் குறைத்து, இன்சுலின் சிக்கனமாக வேலை செய்ய உதவுகிறது. இன்சுலின் குறைந்தால் ஆண்ட்ரோஜனும் ஓரளவு குறையும், சிலருக்கு மாதவிடாய் நெருங்கி வரும். ஆனால் முடிக்கும் மாதவிடாய்க்கும் மாத்திரையோடு ஒப்பிட்டால் இது பலவீனமானது. இதன் பலம் சர்க்கரை, எடை, கொழுப்பு ஆகியவற்றில் இருக்கிறது. உடல் நிறை எண் 25-க்கு மேல் உள்ளவர்களுக்கு நெறிகள் முதன்மையாக இதைச் சொல்வது அதற்காகவே. ஒல்லியாக இருப்பவர்களுக்கு இன்சுலின் பிரச்சினை வராது என்று நினைக்கவேண்டாம். அவர்களில் பலருக்கும் அது இருக்கிறது.

வயிற்றுப்போக்கும் குமட்டலும்தான் இதன் வம்பு. முதல் முறை எனக்கு எடுத்த எடுப்பிலேயே பெரிய அளவில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன், "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று 5 வருடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பிறகு வேறொரு டாக்டர் 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டி, மெதுவாகக் கரையும் வகையை உணவோடு கொடுத்தார். ஒரு தொல்லையும் இல்லை. மருந்தை விலக்குவதற்கு முன் தொடங்கிய விதத்தைச் சந்தேகியுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அவ்வப்போது அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று: மெட்ஃபார்மினால் முட்டை வெளிவரத் தொடங்கினால் எதிர்பாராமல் கருத்தரிக்கலாம். பிசிஓஎஸ் இருந்தால் கருத்தடை தேவையில்லை என்ற நம்பிக்கை பலரையும் அதிர்ச்சியில் தள்ளியிருக்கிறது.

இனோசிட்டால் இன்று எல்லோர் வாயிலும் இருக்கும் பெயர். பெரும்பாலும் மயோ, டி-கைரோ இரண்டையும் 40-க்கு 1 என்ற விகிதத்தில் கலந்து விற்கிறார்கள். தீங்கு குறைவு, வயிற்றைக் கலக்குவதில்லை. ஆனால் பலனுக்கான ஆதாரம் மெலிந்தது. மிகை முடிக்கும் வயிற்றுப் பகுதிக் கொழுப்புக்கும் மெட்ஃபார்மினே இதைவிட மேல் என்று 2023 நெறிகள் சொல்கின்றன. மெட்ஃபார்மின் உண்மையிலேயே ஒத்துவராதவர், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு, முயன்று பார்க்கலாம். இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக மெட்ஃபார்மினை விட்டுவிட்டு இதற்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். குறிப்பாகச் சர்க்கரை ஏற்கெனவே எல்லையில் நிற்கும்போது.

சர்க்கரையைப் பார்ப்பது எப்படி என்பதிலும் ஒரு தேர்வு உண்டு. வெறும் வயிற்று ரத்தம் மட்டும் பார்த்தால் சிலரைத் தவறவிடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனைதான் மிகத் துல்லியமானது. வயது, எடை எதுவானாலும் நோய் தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை.

எடை

"முதலில் எடையைக் குறைத்துவிட்டு வா." இந்த வாக்கியத்தை நான் எத்தனை அறைகளில் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒரு முறை காய்ச்சலுக்குப் போனபோதுகூடக் கேட்டேன்.

அதிக எடை உள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலன் தெரியலாம் என்பது உண்மை. ஆனால் அதை மருந்துக்குப் பதிலாக, மருந்து கொடுப்பதற்கு நிபந்தனையாக வைப்பது சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எந்த உணவுமுறை என்று கேட்டால், பிசிஓஎஸ்ஸுக்கு ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மாவுச்சத்தை அடியோடு விலக்குவது, பட்டினி இடைவெளி, இன்னும் என்னென்னவோ. இவற்றில் எதை நீங்கள் மூன்று வருடம் கழித்தும் வெறுப்பில்லாமல் செய்துகொண்டிருப்பீர்களோ அதுவே உங்களுக்கு உரியது. நம்மில் உணவோடு மல்லுக்கட்டும் மனநோய்கள் அதிகம் என்பதால் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் நான் யாரையும் தள்ளமாட்டேன்.

உடற்பயிற்சிக்கு அளவு சொல்லப்பட்டிருக்கிறது. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமானது, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது, அதோடு 2 நாள் தசைக்கு வலு கொடுக்கும் பயிற்சி. எடை ஒரு கிராம் குறையாவிட்டாலும் இன்சுலினுக்கு இது நல்லது செய்யும். எடை இயந்திரத்தை மட்டும் பார்த்து, பயன் இல்லை என்று நடப்பதை நிறுத்திய நாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

குழந்தை வேண்டும்போது

இங்கே வந்ததும் மேலே சொன்ன கருத்தடை மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் விலகிவிடவேண்டும். தேவை மாறிவிட்டது. முட்டை வெளியே வரவேண்டும்.

2007-இல் வெளியான 626 பெண்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வு, முட்டை வெளிவரத் தூண்டும் க்ளோமிஃபீனையும் மெட்ஃபார்மினையும் ஒப்பிட்டது. உயிருடன் குழந்தை பிறந்தது க்ளோமிஃபீனில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மினில் 7.2, இரண்டும் சேர்ந்ததில் 26.8. கருத்தரிக்க மெட்ஃபார்மின் மட்டும் போதும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பது ஏன் சரியில்லை என்பதற்கு இந்த எண்களே போதும். 2014-இல் 750 பெண்களோடு நடந்த அடுத்த ஆய்வு க்ளோமிஃபீனை லெட்ரோசோலோடு மோதவிட்டது. 5 சுழற்சிகள்வரை கொடுத்ததில் லெட்ரோசோல் 27.5 சதவீதம், க்ளோமிஃபீன் 19.1. அன்றிலிருந்து லெட்ரோசோலே முதல் தேர்வு.

லெட்ரோசோல் முதலில் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதன் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் வைத்திருந்தேன். இங்கே அது வழக்கமாகச் சுழற்சியின் தொடக்கத்தில் 5 நாள் மட்டும் கொடுக்கப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் உருவாவதைச் சற்றே குறைக்கும். குறைந்ததைப் பார்த்த மூளை, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டும், ஒரு முட்டை முதிரும். கரு உருவாகும் நேரத்துக்குள் மருந்து பெரும்பாலும் உடலைவிட்டு நீங்கிவிடும். என் மகளுக்கு இப்போது 7 வயது. மூன்றாவது சுழற்சியில் உருவானாள்.

மாத்திரைகள் பலிக்காதபோது ஊசிகள் அல்லது லேப்பராஸ்கோப்பி மூலம் சினைப்பையில் துளையிடுவது என்று இரண்டு பாதைகள். ஊசியில் பல முட்டைகள் ஒரே நேரத்தில் முதிர்ந்து இரட்டை, மூன்று கருக்கள் உருவாகலாம். அடிக்கடி ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் அந்தச் சுழற்சியையே கைவிடத் தயாராக இருக்கும் இடத்தில்தான் அதைச் செய்யவேண்டும். துளையிடுவதில் அந்தச் சிக்கல் குறைவு, ஆனால் மயக்க மருந்தும் அறுவையும் உண்டு. ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) இவற்றுக்குப் பிறகு, வேறு காரணங்கள் இல்லாவிட்டால். நேரே ஐவிஎஃப்புக்குப் போகச் சொன்னால், "லெட்ரோசோல் முயன்று பார்க்காததற்குக் காரணம் என்ன?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. துணைவரின் விந்துப் பரிசோதனை இந்தப் பாதைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் முடிந்திருக்கவேண்டும். பெண்ணுக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து கொடுத்துவிட்டு அதைக் கடைசியில் பார்க்கும் வீடுகளை நான் அறிவேன்.

முயலத் தொடங்கும் முன்பே ஃபோலிக் அமிலம் ஆரம்பித்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். கர்ப்ப காலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நமக்கு வரும் வாய்ப்பு அதிகம்.

அவளுக்கு என்ன சொன்னேன்

அக்கா மகளுக்கு 50, 60 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறது. கன்னத்தில் கொஞ்சம் பரு. முடி வளர்ச்சி இல்லை. ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் பார்க்கவே இல்லை. முதலில் அதையும் தைராய்டு, புரொலாக்டினையும் பார்க்கச் சொன்னேன். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனைக்கும் அக்காவே அழைத்துப்போனாள். எல்லாம் இயல்பு. டாக்டர் இப்போதைக்கு அந்தப் பெயரைச் சூட்டாமல், கண்காணிக்கவேண்டியவள் என்று எழுதினார். தினசரி மாத்திரை வேண்டுமா, வராதபோது மட்டும் புரொஜெஸ்ட்ரோனா என்று இரண்டையும் அவள் முன்னால் வைத்தார். அவள் இரண்டாவதை எடுத்தாள். பரு அதிகமானாலோ முடி வந்தாலோ மாத்திரைக்கு மாறிக்கொள்ளலாம் என்பதும் பேசி வைத்தாயிற்று.

அவள் கேட்டதிலேயே என்னை உலுக்கியது வேறொன்று. "சித்தி, எனக்கு இது இருக்குன்னு தெரிஞ்சதிலிருந்து காரணமே இல்லாம அழுகை வருது. அதுவும் இதாலதானா?" பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம். அதையும் மாதவிடாயைப் போலவே கேட்டுப் பார்க்கவேண்டும் என்று நெறிகளே சொல்கின்றன. நான் அவளிடம், "ஆமாம்மா, அதுக்கும் ஆள் இருக்காங்க, அதுக்கும் போவோம்" என்றேன். அடுத்த வாரம் மனநல ஆலோசகரிடம் போனோம். காத்திருப்பு அறையில் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, கடைசியாக வந்த தேதியை எழுதி, அதிலிருந்து 90-ஆவது நாளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள். நேற்று மாலை செய்தி அனுப்பினாள்: "71-ஆவது நாள் சித்தி. இன்னும் 19 இருக்கு. பயமில்ல."